கப்பல் தபால் முதல் புலனம் வரை



மாலை நேரம். வேலை முடிந்து வந்து, குளித்து, சாமிக்கு விளக்கேற்றிய பிறகு வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்திருக்கிறோம். ஆனால் அம்மா கையில் ஒரு கைப்பேசி, மகன் கையில் ஒன்று, மகள் கையில் ஒன்று. திண்ணையில் இருக்கும் தாத்தா அலுத்துக்கொள்கிறார். "அந்தக் காலத்துலே ஊர்லேருந்து ஒரு கடுதாசி வந்தா, ஒரு வாரம் வச்சு வச்சுப் படிப்போம். இப்ப நாள் முழுக்கத் தட்டுறீங்க. என்னத்தைத்தான் எழுதுறீங்களோ!" பேரன் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்கிறான். "தாத்தா, அந்தக் கடுதாசி வந்து சேர்றதுக்குள்ளே ஊர்லே கல்யாணமே முடிஞ்சிருக்குமே!"

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கைப்பேசி வந்ததால் எழுத்து கெட்டதா? உறவு கெட்டதா? இந்தக் கேள்விக்குக் கோபத்தோடு பதில் சொல்வதைவிட வரலாற்றைப் பார்த்துப் பதில் சொல்வது நல்லது. கடல் கடந்து வந்த நம் மக்கள் தங்கள் உறவினர்க்குச் செய்தி அனுப்பிய கதையை இன்று சிறிது பார்ப்போம்.

பிரிந்திருப்பவர்க்குச் செய்தி சொல்லி அனுப்புவது தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளில் 'தூது' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அது அரசர்களுடைய தூது. ஏழைக்கும் ஒரு தூது உண்டு. பிழைப்புத் தேடி மதுரைக்குப் போன சத்திமுத்தப் புலவர், உடுக்க நல்ல துணியின்றிக் குளிரில் நடுங்கியபடி, வானத்தில் பறந்து போன நாரையைப் பார்த்து, ஊரில் இருக்கும் தன் மனைவியிடம் தன் நிலையைச் சொல்லும்படி கேட்கிறார். கையில் காசில்லை, அனுப்ப ஆளில்லை, வீட்டு நினைவு மட்டும் இருக்கிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து இறங்கியபோது அவர்களுடைய நிலையும் ஏறத்தாழ இதுதான்.

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறினால், பினாங்கைக் காண ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். பிறகு நோய்த் தடுப்பு முகாமில் சில நாள். அதன் பிறகுதான் தோட்டம். 1926ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலைப் பற்றி இன்றும் முதியவர்கள் பேசுவதுண்டு. ஆட்கள் வந்த அதே கடல் வழியில்தான் தபால் பைகளும் வந்தன. கடிதம் போக இரண்டு வாரம், பதில் வர இரண்டு வாரம் என்று கணக்கிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதியவர் யார்? இந்தக் கேள்வியைத்தான் நாம் முக்கியமாகக் கேட்க வேண்டும். பால்மரம் வெட்டிய கைகளில் பெரும்பாலானவை எழுதப் பழகாத கைகள். ஆகவே கங்காணியையோ, கிராணியையோ, தோட்டத்துப் பள்ளி ஆசிரியரையோ நாட வேண்டும். பட்டணத்துக்குப் போனால், கடைவீதியின் ஐந்தடி நடைபாதையில் சிறு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடிதம் எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆசிரியர் வீட்டு வாசலில் ஒரு தாய் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

"வாத்தியாரையா, ஊருக்கு ஒரு கடுதாசி எழுதணும்."

"சொல்லும்மா. யாருக்கு?"

"எங்க அண்ணனுக்குத்தாங்க. நாங்க எல்லாரும் சொகமா இருக்கோம்னு எழுதுங்க."

ஆசிரியர் தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவார். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவார். அந்தத் தாய் சொன்னது ஒரு வரி. எழுத்தில் வந்தது நான்கு வரி. ஆனால் அவள் மனத்தில் இருந்ததோ நாற்பது வரி. கணவன் குடித்துவிட்டு வருவதை வாத்தியாரிடம் எப்படிச் சொல்வாள்? கங்காணி பிடித்தம் செய்த பணத்தைப் பற்றி, அந்தக் கங்காணியே எழுதும் கடிதத்தில் எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே 'சுகமாக இருக்கிறோம்' என்ற ஒரே சொல், பல துன்பங்களை மூடிக்கொண்டு கடல் கடந்து போயிற்று. அங்கேயும் அதைப் படிக்க இன்னொருவர் வேண்டும். தபால்காரரோ பள்ளிக்கூடத்துப் பையனோ படித்துச் சொல்ல, தெருவே கூடி நின்று கேட்கும். அந்தக் காலத்துக் கடிதம் இனிமையானது என்பது மெய். ஆனால் ஏழைத் தொழிலாளியைப் பொறுத்தவரை அது இருவர் மட்டும் பேசிய பேச்சாக இருந்ததில்லை என்பதும் மெய்.

எழுத்தறியாதவர்க்கும் புரியும்படி நம் முன்னோர் சில வழிகளை வைத்திருந்தார்கள். சுபச் செய்தி என்றால் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தி என்றால் ஓரத்தில் கருப்பு மை தடவியிருக்கும். கருப்பு மையைக் கண்டால் அதை வீட்டுக்குள்ளே கொண்டு போகமாட்டார்கள். வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். மணியார்டரும் ஒரு கடிதந்தான். மாதந்தோறும் பணம் வந்தால் மகன் உயிரோடும் உடல் நலத்தோடும் இருக்கிறான் என்று பொருள். பணம் நின்றுவிட்டால் அந்த வீட்டில் கவலை தொடங்கிவிடும்.

கடிதத்தைவிட விரைவான ஒன்றும் அப்போதே இருந்தது. அதுதான் தந்தி. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 1870ஆம் ஆண்டின் இறுதியில் கடலடிக் கம்பி போடப்பட்டது. 1871ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது சிங்கப்பூர் வரை வந்து சேர்ந்தது. கடல்நீர் உள்ளே புகாமல் அந்தக் கம்பியைக் காத்தது எது தெரியுமா? கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால். இந்த மலாய் மண்ணின் காடுகளில் வளர்ந்த மரங்களின் பால்தான் உலகக் கடல்களின் அடியில் கிடந்த தந்திக் கம்பிகளுக்கெல்லாம் உறையாக இருந்தது. ரப்பர் மரம் இங்கே தோட்டப் பயிர் ஆவதற்கு முன்னமே, இந்த மண்ணின் மரப்பால் உலகத்தின் செய்திகளைச் சுமந்தது என்பது நாம் பெருமையோடு அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். ஆகவே மனிதன் சொற்களைச் சுருக்கக் கற்றுக்கொண்டான். 'தாய் கவலைக்கிடம். உடனே வரவும்' என்றால் போதும். இந்தியாவில் பண்டிகை, திருமண வாழ்த்துகளுக்கென்று வாக்கியங்களை முன்கூட்டியே அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணைக் குறித்துக் கொடுத்தால் அதற்குரிய வாழ்த்து அங்கே போய்ச் சேரும். இன்றைய பிள்ளைகள் ஒரு சிரித்த முகத்தைத் தட்டி அனுப்புவதைப் பார்த்து, 'இதென்ன, ஆயத்தமாக இருப்பதை எடுத்து அனுப்புகிறார்களே' என்று நாம் குறை சொல்கிறோம். ஆனால் அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது தந்திக் காலந்தான். 1879ஆம் ஆண்டு இந்தியாவில் கால் அணா விலைக்கு வந்த அஞ்சலட்டையும் சுருக்கமாக எழுதத்தான் கற்றுக்கொடுத்தது. ஆகவே, செய்தி குறுகிப் போனதால் உறவு குறுகிப் போயிற்று என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. தந்தி குறுகியதுதான், ஆனால் அதைக் கண்டு கப்பலேறி ஓடியவர்கள் எத்தனையோ பேர்.

உறவை உண்மையில் அறுத்தது எது என்று கேட்டால், செய்தியே இல்லாத காலத்தைச் சொல்லலாம். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அன்று முதல் 1945 வரை தமிழ்நாட்டுக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் இடையே இயல்பான தபால் போக்குவரத்து இல்லாமற் போயிற்று. அங்கே தாய்மார் தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் களைத்தார்கள். இங்கே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அவர்களிடமிருந்து வீட்டுக்குக் கடிதமும் இல்லை, இறந்தார்கள் என்ற அறிவிப்பும் இல்லை. போர்க் கைதிகளுக்கு இருந்ததுபோல் அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே வாழ்ந்து முடித்த பெண்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். ஒரு வரிச் செய்தியின் அருமையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

போர் முடிந்த பின் நிலைமை மெல்ல மாறியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அந்தப் பள்ளிகள் பல, ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர் என்ற நிலையில்தான் நடந்தன. ஆயினும் அங்கே படித்த பிள்ளைகள் வளர்ந்தபோது, கடிதம் எழுதும் கோல் முதன்முறையாகத் தொழிலாளி வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அம்மா சொல்ல மகள் எழுதினாள். வாத்தியாரிடம் சொல்ல முடியாததை மகளிடம் சொல்ல முடிந்தது. மடித்து ஒட்டினால் அதுவே உறையாகும் நீலநிற ஏரோகிராம் தாள் விமானத்தில் பறந்தது. இடம் போதாமல் அதன் ஓரங்களிலும் தாளைச் சுற்றிச் சுற்றி எழுதினார்கள். பேனா நட்பு வளர்ந்தது. நேயர் விருப்பம் கேட்டு வானொலி நிலையத்துக்கு அஞ்சலட்டைகள் குவிந்தன. தோட்டத்து இளைஞர்கள் தமிழ் நேசனுக்கும் தமிழ் முரசுக்கும் கடிதமும் கதையும் கவிதையும் எழுதி அனுப்பினார்கள். நம் நாட்டின் எழுத்தாளர்கள் பலர் இப்படித்தான் உருவானார்கள்.

அந்த எழுத்துக்கு விரைவிலேயே ஒரு பெரிய சோதனையும் வந்தது. 1969ஆம் ஆண்டுக்குப் பின் வேலை அனுமதி விதிகள் கடுமையானபோது, குடியுரிமை பெறாத தொழிலாளர் பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. ஒரே குடும்பத்தில் சிவப்பு அடையாள அட்டை ஒருவருக்கு, நீல அட்டை இன்னொருவருக்கு. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்தக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் கட்டி வைத்திருந்தது ஏரோகிராம் தாள்தான். ஆனால் எழுதிய தலைமுறை மறைந்தவுடன் பல வீடுகளில் கடிதமும் நின்றது. கடிதம் நின்றவுடன் உறவும் நின்றது. பெட்டியின் அடியில் அந்தக் கடிதங்கள் இன்றும் கிடக்கலாம். அவற்றில் இருக்கும் ஊர்ப் பெயரையும் உறவு முறையையும் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அறுந்த உறவைத் தேடிப் பிடிக்கலாம். படிக்கத் தெரியாவிட்டால் அது வெறும் பழைய தாள்.

இனி கைப்பேசிக்கு வருவோம். கைப்பேசியின் குறுஞ்செய்தி எத்தனை எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களில் முக்கியமானவர் ஃபிரெடெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1985ஆம் ஆண்டு அவர் தட்டச்சுப் பொறியில் பல வகையான வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. பிறகு அஞ்சலட்டைகளை எடுத்து எண்ணினார். அவற்றிலும் பலர் 150 எழுத்துகளுக்குள்ளேயே செய்தியை முடித்திருந்தார்கள். ஆகவே 160 போதும் என்று முடிவாயிற்று. நம் பாட்டி பயன்படுத்திய அஞ்சலட்டைதான் பேரனுடைய குறுஞ்செய்திக்கு அளவு கொடுத்தது! 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதல் குறுஞ்செய்தி, கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பப்பட்டது.

ஆனால் அந்த 160 என்பது ஆங்கில எழுத்துக்குரிய கணக்கு. தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 இடங்கள் மட்டுமே கிடைத்தன. அதிலும் நம் எழுத்துகள் பலவற்றுக்கு இரண்டு இடம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் நாம் எண்ணும் எழுத்து மூன்று. கைப்பேசி எண்ணும் இடம் ஐந்து. அது ஒருபுறம் இருக்க, தொடக்க காலக் கைப்பேசிகளில் தமிழே கிடையாது. ஆகவே நம் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். அது சோம்பலால் வந்த வழக்கமன்று. வேறு வழியில்லாமல் வந்தது. அந்த வகையில் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

வழி இல்லாத இடத்தில் வழி செய்தவர் நம் நாட்டவர் ஒருவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். அவருடைய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அதன் பிறகு கைப்பேசியில் தமிழ் எழுத்திலேயே செய்தி அனுப்பலாம் என்ற நிலை வந்தது. இன்று கடையில் வாங்கும் சாதாரணத் திறன்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அன்று வழியில்லாமல் எழுதியதை இன்று வழியிருந்தும் தொடர்வதற்கு என்ன காரணம்? பழக்கம் ஒன்றுதான்.

2009ஆம் ஆண்டு வாட்ஸ்அப் வந்தது. நாம் அதனைப் புலனம் என்கிறோம். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜான் கூம். உக்ரேன் நாட்டில் பிறந்த அவர், 1992இல் பதினாறு வயதில் தாயோடும் பாட்டியோடும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். தந்தை ஊரிலேயே தங்கிவிட்டார். பிழைக்கப் போன குடும்பமும் பிரிந்து நின்ற தகப்பனும் நமக்குப் பழக்கமான கதைதானே! 2013ஆம் ஆண்டு புலனத்தில் குரல் செய்தி வந்தது. எழுதத் தெரியாத மூதாட்டியும் விரலால் ஒரு பொத்தானை அழுத்தி, "டேய் தம்பி, சாப்பிட்டியா? உடம்பு எப்படி இருக்கு?" என்று தன் குரலிலேயே கேட்கலாம். வாத்தியார் வேண்டாம், கிராணி வேண்டாம், கங்காணி வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் கைவழியே போய்க்கொண்டிருந்த நம் வீட்டுப் பேச்சு, இன்று நம் வாயிலிருந்து நேரே போகிறது. இது சிறிய விடுதலையன்று. தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபின் பட்டணங்களில் சிதறிப்போன பழைய தோட்டத்து மக்கள் பலர், புலனக் குழு வைத்து ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை திரட்டுகிறார்கள், இறப்புச் செய்தியை உடனே தெரிவிக்கிறார்கள்.

நன்மையைச் சொன்னது போலவே தீமையையும் சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டு நவம்பரில் புலனத்தில் இரண்டு நீலக் குறிகள் வந்தன. செய்தியை மற்றவர் படித்துவிட்டார் என்பதை அவை காட்டும். அன்று பதிலுக்கு ஒரு மாதம் காத்திருந்தோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று நீலக்குறி விழுந்து அரை மணி நேரம் பதில் வராவிட்டால், "பார்த்துவிட்டும் பேசவில்லையே, என்ன திமிர்!" என்று மனத்தாங்கல் வருகிறது. அவர் மரத்தின் மேல் கத்தியோடு நின்றிருக்கலாம், செம்பனைக் குலையைத் தூக்கிக்கொண்டிருக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். அதை நினைத்துப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லை. கடிதக் காலத்தில் கோபத்தில் எழுதியதைத் தபாலில் சேர்க்கும் முன் கிழித்துப் போட நேரமிருந்தது. இப்போது கோபம் தணியும் முன்னரே சொல் போய்விடுகிறது. அண்ணன் தம்பி சொத்துச் சண்டையை நாற்பது உறவினர் பார்க்கும் குழுவிலே போட்டுவிட்டு, பிறகு அழித்தாலும் அது கண்ட மனத்திலிருந்து அழிவதில்லை.

இதனினும் கொடியது ஆராயாமல் செய்தியைத் தள்ளிவிடுவது. 2018ஆம் ஆண்டு இந்தியாவின் பல பகுதிகளில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவியது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு அன்போடு சாக்லேட் கொடுத்தார்கள். ஊரார் அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து அடித்தார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி அதில் உயிரிழந்தார். அந்தக் குடும்பத்தில் மலேசியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். குலதெய்வத்தைத் தேடிப் போவது நம் மக்கள் எல்லாரும் ஆசையோடு செய்யும் காரியம். அந்த வழியில் ஒரு பொய்ச் செய்தி குறுக்கே நின்று உயிரைக் குடித்தது. அவ்வாண்டு ஜூலையில் புலன நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு கட்டியது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகெங்கும் வந்தது. ஆனால் இயந்திரம் கட்டும் வரம்பைவிட மனிதன் தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் வரம்புதான் வலியது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பாடத்தையும் வீட்டுப்பாடத்தையும் கைப்பேசி வழியே அனுப்பினார்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருந்த வீடுகள் உண்டு. அப்பா வேலையிலிருந்து திரும்பினால்தான் பாடம். அந்த நெருக்கடி நமக்கு ஒன்றைக் காட்டியது. கைப்பேசி விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. ஏழைப் பிள்ளைக்கு அது பலகையும் புத்தகமுமாகும். அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அன்பர்களே, இத்தனை தூரம் பார்த்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? எழுத்துக் குறுகுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தந்தியும் அஞ்சலட்டையும் குறுகியவையே. நம் பேச்சு நம் கையில் இருக்கிறதா, அடுத்த தலைமுறை அதைப் படிக்குமா என்பவைதான் நாம் கவலைப்பட வேண்டிய கேள்விகள். பிறருடைய கையை நம்பியிருந்த காலம் போய், கோல் நம் கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகு நாமே நம் எழுத்தைக் கைவிட்டால், பிள்ளை எழுதுவதைப் பாட்டி படிக்கமாட்டாள், பாட்டி எழுதியதைப் பிள்ளை படிக்கமாட்டான். மீண்டும் இருவருக்கும் நடுவே படித்துச் சொல்ல மூன்றாம் ஆள் தேவைப்படும். நூறு ஆண்டுக்கு முந்தைய நிலைக்கு நாமே திரும்பிப் போனதாகும்.

ஆகவே பிள்ளைகளின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை இன்றே வைத்துக் கொடுங்கள். நாளுக்கு ஒரு செய்தியாவது தமிழ் எழுத்தில் அனுப்பும்படி சொல்லுங்கள். பிழை வந்தால் சிரிக்காதீர்கள், திருத்துங்கள். கோபம் வந்தால் செய்தியை எழுதுங்கள், ஆனால் காலையில் மீண்டும் படித்துவிட்டு அனுப்புங்கள். யாரோ அனுப்பியதை மற்றவர்க்குத் தள்ளும் முன், இது உண்மையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் நூறு பேருக்குப் போகும் தீபாவளி வாழ்த்தோடு நில்லாமல், தாய்க்கும் தமக்கைக்கும் தனியாக நாலு வரி எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். தாளில் எழுதிய கடிதம் ஐம்பது ஆண்டு பெட்டியில் இருந்தது. கைப்பேசி உடைந்தால் அதில் இருந்த செய்தியெல்லாம் உடனே போய்விடலாம். உங்கள் வீட்டு முதியவர்களை இந்த வாரக் கடைசியில் உட்காரவைத்து, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், முதல் தோட்டம் எது, உறவினர் யார் யார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அதே கைப்பேசியில் குரலாகப் பதிவு செய்யுங்கள். பிறகு பேரப்பிள்ளை அதைத் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். தொடக்கத்தில் நாம் பார்த்த தாத்தாவும் பேரனும் அந்த மாலையில் ஒரே வேலையில் சேர்ந்திருப்பார்கள். வாத்தியாரிடம் சொல்லத் தயங்கி, நாற்பது வரியை மனத்திலேயே அடக்கிக்கொண்டு போன அந்தத் தாயின் கதையும் அப்படி ஒரு நோட்டில் எழுதப்படலாம்.